வரிசை எண் நாற்பத்தேழு

ஜனக்புரி, புதுதில்லி.
ஜனவரி 12, திங்கட்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் அருள்மணி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை அக்னஸின் கணவன் தேவநேசன் தில்லியிலிருந்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் நலம். என் வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். பாளையங்கோட்டையில் நீங்களும் ராஜி அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்பது வருஷமாக நமக்குள் கடிதமோ போனோ இல்லாததால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. உறையில் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து, அனுப்புநர் இடத்தில் 'ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், மத்திய அரசு' என்று மட்டும் போட்டிருக்கிறேன். பென்ஷன் விஷயம் என்று நினைத்தாவது பிரித்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தில் ஓர் அவசர விண்ணப்பம் இருக்கிறது. முறைப்படி அதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் இருக்கும் அந்த ருஷ்ய நாவலின் இரண்டாம் பாகம் எனக்கு வேண்டும். பிப்ரவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். ஏன், எதற்கு என்று நீங்கள் கேட்பதற்குள் நானே ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்தகம் ஏன் பாதி உங்களிடமும் பாதி எங்களிடமும் இருக்கிறது என்பது உங்களுக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை. மாமா காலமான பிறகு வீட்டுச் சாமான்களை உங்களுக்கும் அக்னஸுக்கும் பிரிக்க உட்கார்ந்தபோது, "தேவநேசன் கவர்மென்டு ஆளு, அவரே லிஸ்ட் போடட்டும்" என்று சபை மூப்பர் ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து எண்பத்திரண்டு உருப்படி எழுதினேன். ஒற்றைப்படை எண்ணெல்லாம் அண்ணனுக்கு, இரட்டைப்படை எண்ணெல்லாம் தங்கைக்கு. இதைவிட நியாயமான முறை உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன். இட்லிக் கொப்பரை வரிசை எண் அறுபது, அது அக்னஸுக்கு வந்தது. அதன் தட்டுகள் அறுபத்தொன்று, அவை உங்களுக்கு வந்தன. 'படகுத்துறை குமாஸ்தா' முதல் பாகம் நாற்பத்தாறு, இரண்டாம் பாகம் நாற்பத்தேழு. "மாப்ள, அது ஒரே கதையில்லா, அதப் போயிப் பிரிக்கியளே" என்று நீங்கள் கேட்டீர்கள். "லிஸ்ட்ல ரெண்டு உருப்படியாத்தான இருக்கு மச்சான், ரூல்னா ரூல்தான்" என்றேன் நான். "அப்ப ரெண்டையும் அவளே வச்சுக்கிடட்டும்" என்று நீங்கள் பெரிய மனதோடு சொன்னபோதும், "அப்பிடிக் குடுத்தா நாளைக்கு ஆடிட்ல கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டேன். யார் வீட்டு ஆடிட் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. நீங்கள் சாப்பாட்டுக்கு உட்காராமலே எழுந்து போனீர்கள். அக்னஸ் தெருமுனை வரைக்கும் உங்கள் பின்னாலேயே வந்தாள், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் வீம்புக்காரி, அதன் பிறகு அவளாக ஒரு போன் செய்யவில்லை. எண்பத்திரண்டு உருப்படியை ஒரு கையெழுத்துப் பிசகாமல் பிரித்துக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தில்லிக்கு ரயிலேறினேன்.

முதல் பாகத்தை நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பால்கனியில் இருக்கும் ரூம் கூலருக்கு ஒரு கால் குட்டை, அதற்கு முட்டுக்கொடுக்கச் சரியான கனத்தில் இருந்தது அந்தப் புத்தகம்தான். அந்தக் காலத்து ருஷ்ய அச்சு, என்ன பைண்டிங்! ஒன்பது கோடையும் அசையவில்லை. ஆசிரியர் பெயர் இருந்த இடத்தை மட்டும் கூலரின் கால் தின்றுவிட்டது.

போன செப்டம்பரில் ஒரு நாள் எங்கள் தில்லித் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. 'இணையவழி வாசகர் வட்டம், ருஷ்ய நாவல்கள் தமிழில், ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணி, அனைவரும் வருக' என்று போட்டு, முதலில் வாசிக்கப்போகும் நாவலின் அட்டைப்படத்தையும் போட்டிருந்தார்கள். நான் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், நம்முடைய கூலர் புத்தகம்! எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. லாட்டரிச் சீட்டில் நம் நம்பரைப் பார்த்தவன் மாதிரி பால்கனிக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தை வெடுக்கென்று உருவினேன். கூலரில் தண்ணீர் இருந்தது அப்போது ஞாபகம் வரவில்லை. கூலர் சாய்ந்து அத்தனை தண்ணீரும் கீழ்வீட்டு சுஷ்மாஜி வெயிலில் காயவைத்திருந்த மிளகாய் ஊறுகாய் ஜாடிக்குள் போய்விட்டது. "அங்கிள்ஜி, யே க்யா கர் தியா!" என்று, என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்கிற அர்த்தத்தில், அந்த அம்மா கத்திக்கொண்டே மேலே வந்து பார்த்தால், நான் தரையில் உட்கார்ந்து மூன்றாம் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அக்னஸ்தான் சமாதானம் சொல்லி, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்பினாள். அதன் பிறகு என்னிடம் வந்து, "என்ன அதிசயம்! இந்தப் புஸ்தகத்த நீங்க இப்பமாவது திறந்தியளே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அட்டையைத் தன் முந்தானையால் ரொம்ப நேரம் துடைத்தாள். ஊறுகாய் போனதில் வருத்தமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு எப்படி நுழைவது என்று எனக்குத் தெரியாது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் லிடியா தன்னுடைய பழைய டேப்லெட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அதில்தான் நுழைந்தேன். திரையில் 'லிடியா' என்று அவள் பெயர் வந்ததை நான் கவனிக்கவில்லை. காமிரா போடவும் தெரியவில்லை, குளிர் தொடங்கியபின் வீட்டில் நான் எந்நேரமும் குரங்குக் குல்லாயோடு இருப்பதால் பிறகும் போடவில்லை. கூட்டத்தை நடத்துகிற ஹம்சா இங்கே ஜனக்புரித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர், பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. "அச்சா, லிடியா மேடம் வந்திருக்கா, வெல்கம், உங்களப் பத்திச் சொல்லுங்கோ" என்றாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மத்திய அரசில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற தேவநேசன் பேசுகிறேன்" என்று என் குரலில் ஆரம்பித்தேனே பார்க்கலாம், அந்தப் பக்கம் ஹம்சா "ஹலோ, ஹலோ, யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெயரை எப்படி மாற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை, மாற்றச் சொல்ல அவர்களுக்கும் கூச்சம். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வட்டத்தில் என் பெயர் 'லிடியா சார்'.

மைக்கை அணைக்கவேண்டும் என்பதும் எனக்கு இரண்டாம் வாரம்தான் தெரிந்தது, அதுவும் பட்டுத்தான் தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து வடிவு என்று ஒரு அம்மா, நல்ல வாசகி, உருக்கமாகப் பேசுகிறவர், "வீட்டை விட்டுக் கோவிச்சுட்டு வந்த மார்ஃபா அன்னைக்கு ராத்திரி அந்த ஆத்தங்கரையில நின்னு மனசுக்குள்ள என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டு நிறுத்தினார். எல்லோரும் யோசிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒலிபெருக்கியில் "மட்டர் லே லோ, கோபி லே லோ" என்று வந்துவிட்டான். நான் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பால்கனியில் நின்று, பட்டாணியும் காலிஃப்ளவரும் விலை பேசி, "அரே பையா, கொத்தமல்லி சும்மா போடணும், சும்மா!" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் கத்தினேன். மார்ஃபாவின் மனசாட்சி கொத்தமல்லி கேட்டதைப் பதினேழு பேர் கேட்டார்கள். வடிவு அம்மா பெருந்தன்மையாக, "குடுத்தானுங்களா சார்?" என்றுதான் விசாரித்தார்.

இத்தனை அவமானத்துக்குப் பிறகும் நான் விடவில்லை மச்சான், ஏனென்றால் கதை என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது! என்ன கதை, என்ன மனுஷர்கள்! ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறை. அதில் இல்யா என்று ஒரு குமாஸ்தா, பதினோரு வருஷமாகப் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறான். அவனுடைய ஃபைல் ஒவ்வொரு மேஜையாகப் போய்த் திரும்பி வருகிறது. இதை எழுதியவர் நிச்சயம் எங்கள் அமைச்சகத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் ருஷ்யப் பெயர்களைப் பார்த்துத் திணறிப்போனார்கள். ஒரே ஆளை ஒருவன் ஒரு பெயரில் கூப்பிடுகிறான், அடுத்தவன் அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறான், மனைவி செல்லப் பெயரில் கூப்பிடுகிறாள். எனக்கு இது ஒரு விஷயமா? ஊழியர் பதிவேடு பார்த்தே தலை நரைத்தவன் நான். நாற்பத்தொரு பாத்திரங்களுக்கும் பெயர், தகப்பனார் பெயர், செல்லப் பெயர், பதவி, முதலில் வந்த பக்கம், தற்போதைய நிலை என்று அட்டவணை போட்டு அனுப்பினேன். வட்டமே ஆடிப்போய்விட்டது. இப்போது எதற்கெடுத்தாலும் "லிடியா சார் அட்டவணையில பாருங்கோ" என்கிறாள் ஹம்சா. குளிரைப் பற்றிய சந்தேகமெல்லாம்கூட என்னிடம்தான் வருகிறது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூச்சுவிட்டால் புகை வருவதைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு ரஜாய்ப் போர்வைக்கு அடியில் ஹீட்டர் பக்கத்தில் படுத்தும் விறைக்கிற தில்லி ஜனவரியைச் சொன்னேன், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் தேங்காய் எண்ணெயைக் கத்தியால் வெட்டி எடுத்ததைச் சொன்னேன். ருஷ்யாவுக்கே போய் வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள். முப்பத்துநான்கு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைக்காத மரியாதை மச்சான்! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் மூன்று மணிக்கே சவரம் செய்துகொண்டு தயாராகிவிடுகிறேன். காமிரா போடாதவனுக்குச் சவரம் எதற்கு என்று அக்னஸ் கேட்கிறாள்.

கூட்டம் முடிந்த மறுநாளே நடவடிக்கைக் குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன், வந்தவர்கள், வராதவர்கள், காரணம், எடுத்த முடிவுகள், அடுத்த கட்ட நடவடிக்கை எல்லாம் பத்தி எண் போட்டு. இல்யாவின் பதவி உயர்வு குறித்து ஒரு தனிக் குறிப்பே தயாரித்தேன். அவனுடைய பணிமூப்பு, ஒழுக்கம், குடும்ப நிலை எல்லாவற்றையும் காட்டி, இரண்டாம் பாகத்தில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தே தீரும் என்று ஆதாரத்தோடு நிறுவியிருந்தேன். ஏழாவது கூட்டத்தில் அதை வாசித்து முடித்துப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அப்போது வழக்கம்போல் மறுப்புச் சொல்ல அந்த மனுஷர் வாயைத் திறந்தார்.

அவரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். திரையில் அவர் பெயர் 'விருந்தினர்' என்று வரும். அவரும் காமிரா போடமாட்டார். பேச்சு கரகரவென்று, பாதிக்குமேல் இருமல். இந்த வட்டத்தில் நாங்கள் எல்லோரும் முதல் பாகத்தைப் பேசிக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் இரண்டாம் பாகத்தைத்தான் பேசுவார். முதல் பாகத்தில் நடந்தது அவருக்குச் சரியாக நினைவில்லை, இரண்டாம் பாகம் தலைகீழ்ப் பாடம். "இல்யாவா, அவந்தான் ரெண்டாம் பாகம் ஆறாம் பக்கத்துலயே செத்துப்போறானே" என்றார் சர்வ சாதாரணமாக. ஒருவனுக்காக வாரக்கணக்கில் குறிப்பு எழுதியிருக்கிறேன், அவன் செத்துப்போனதை இப்படியா சொல்வது? மனசு கேட்காமல், அலுவலக வழக்கப்படி இரங்கல் தீர்மானம் முன்மொழிந்து, "இரண்டு நிமிடம் மௌனம் கடைப்பிடிப்போம்" என்று சொல்லி எழுந்து நின்றேன். குறிப்பை வாசித்து முடித்ததுமே மைக்கை அணைத்திருந்ததால் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. என் பதிலுக்குக் காத்திருந்தவர்கள், சத்தமே வராததால் நெட் போய்விட்டது என்று நினைத்து ஒவ்வொருவராக வெளியே போய் மறுபடி நுழைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷம் முடிந்து பார்த்தால் திரையில் இருந்தது நானும் அந்த விருந்தினரும் மட்டும்தான். "லிடியா வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். இரங்கல் நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? நான் பதில் சொல்லவில்லை. நடவடிக்கைக் குறிப்பில், 'பத்தி 9: விருந்தினர் பொருளுக்குத் தொடர்பற்ற வினா எழுப்பினார், ஏற்கப்படவில்லை' என்று பதிவு செய்துவிட்டேன்.

இன்னொரு வழக்கம் அவருக்கு. கூட்டம் தொடங்கியதும் முதலில், "லிடியா வந்தாச்சா?" என்று கேட்பார். வந்தாச்சு என்று ஹம்சா சொன்ன பிறகுதான் பேச ஆரம்பிப்பார். என்னோடு சண்டை போடத்தான், வேறெதற்கு? நான் எது சொன்னாலும் மறுப்பு. அவரைப்போல ஒரு வறட்டுப் பிடிவாதக்காரரை என் ஆயுளில் பார்த்ததில்லை. அவரோடு கூடப்பிறந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். "உங்ககிட்ட முதல் பாகமே கெடயாதா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "இருந்துச்சு, ஒரு மேதாவி பிரிச்சுப்போட்டுட்டான்" என்றார். அப்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் இரக்கமாகப் போய்விட்டது. நம் குடும்பத்தைப்போல இன்னொரு குடும்பத்திலும் இப்படிப் பிரித்திருக்கிறார்களே, அங்கேயும் யாரோ ஒரு முட்டாள் லிஸ்ட் போட்டிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். போன மாதம் ஹம்சா கேட்டுக்கொண்டதால் அந்த மனுஷர் இரண்டாம் பாகத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்தார். படகுத்துறையில் அன்றைய கடைசி விளக்கை அணைக்கிற காட்சி, வேறொன்றும் நடக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் இருமினார். வாசித்து முடித்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி வடிவு அம்மா கேட்டார். நான்கூட மறுப்பு எதுவும் சொல்லவில்லை மச்சான். இலக்கியம் என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் அக்னஸ்தான். முதல் ஞாயிறன்று அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், திருப்பியைக் கையில் பிடித்தபடி ஹாலுக்கு வந்து நின்றுவிட்டாள். தோசை கருகிப்போனது. மறு வாரத்திலிருந்து அஞ்சு மணியானால் முக்காலியைக் கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள், மடியில் முறத்தில் அரைக் கிலோ சின்ன வெங்காயம். வீட்டில் இருப்பது இரண்டு பேர், வாரம் முழுவதும் வெங்காய சாம்பார்தான். உரித்து உரித்துக் கண்ணெல்லாம் சிவந்திருக்கும். நம் அக்னஸுக்கு இந்த வயதில் இலக்கிய ரசனை வந்துவிட்டதே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த விருந்தினர் பேசும்போதுதான் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லுகிறாள், நான் பேசும்போது சொல்வதில்லை. "அந்தாளுக்கு மூணு வாரமா இருமல் நிக்கல. எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் ஒரு நாள். "இது வாசகர் வட்டம், வெளிநோயாளிப் பிரிவு இல்ல" என்றேன். "முப்பத்திரெண்டு வருசம் வார்டுல நின்னவ சொல்லுதேன், சொல்லுங்க" என்று அதட்டினாள். அவர் சுகமா என்று விசாரித்த அன்றும் பின்னாலிருந்து, "சுகம்னு சொல்லுங்களேன், வாயில முத்தா உதிந்துரும்?" என்று என் தோளைக் குத்தினாள். ஓய்வு பெற்றாலும் நர்சு நர்சுதான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் பாகம் நேற்றோடு முடிந்துவிட்டது. ஆற்றின் மறுகரையில் மார்ஃபாவின் பிறந்த வீடு. இந்தக் கரையில் ஒரு தகரப் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உறைந்திருந்த ஆறு விரிசல்விடத் தொடங்குகிறது. இன்றைக்குக் கடந்தால் உண்டு, விட்டால் இல்லை. எழுந்து நிற்கிறாள், அதோடு பாகம் முடிந்துவிட்டது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. இந்த நிலைமையில் ஹம்சா, "பிப்ரவரி ஒண்ணாந்தேதி தொடங்கற ரெண்டாம் பாகத்துக்கு லிடியா சார்தான் ஓபனிங் ஸ்பீச்" என்று அறிவித்துவிட்டாள். மச்சான், என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மேடை, காமிரா இல்லாத மேடைதான், ஆனாலும் மேடை. மற்றவர்கள் அவரவர் ஊர் நூலகத்தில் பிடித்துவிட்டார்கள், எனக்கு இங்கே புத்தகம் எங்கேயும் கிடைக்கவில்லை, பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த விருந்தினரிடம் கேட்கலாம் என்றால் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. அக்னஸ் சின்ன வயதில் கேட்ட கதை, முடிவைச் சொல் என்றால், "எனக்கு மறந்துபோச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆகவே வரிசை எண் நாற்பத்தேழைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வாசித்துவிட்டு ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன், வேண்டுமானால் உறுதிமொழி எழுதித் தருகிறேன். பதிலுக்கு வரிசை எண் அறுபது, இட்லிக் கொப்பரையை உங்களுக்கே அனுப்பிவிடவும் சம்மதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை மேலே பத்தி எண் போட்டுச் சொல்லத் தெரியவில்லை. பாதிக் கதையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த ஒரு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களும் அக்னஸும் ஒன்பது வருஷம் அப்படி நிற்கிறீர்கள். லிஸ்ட் போட்டவன் நான். தப்பு என்னுடையது மச்சான், மன்னிக்க வேண்டும்.

ராஜி அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லுங்கள். எல்லாத் தீங்குக்கும் விலக்கி ஆண்டவர் உங்கள் வீட்டைக் காத்துக்கொள்வாராக. தில்லிக் குளிர் உங்கள் பக்கம் எட்டிப்பார்க்காமல் இருப்பதாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை கணவன்,
தே. தேவநேசன் என்கிற லிடியா சார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அக்னஸிடம் வாசிக்கக் கொடுத்தேன். விருந்தினர் பத்திக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள், பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை, ஆனாலும் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "இன்னுமா ஒங்களுக்கு வெளங்கல? மொத ஞாயித்துக்கெழமயே எனக்குத் தெரியும். அது எங்க அண்ணன்லா" என்றாள். நான் எழுந்துபோய் நடவடிக்கைக் குறிப்புக் கோப்பை எடுத்துப் புரட்டினேன். "அவனுக்கும் தெரியும். தெரியாமலா வாராவாரம் லிடியா வந்தாச்சான்னு கேக்கான்? ஞானஸ்நானத்துக்குப் பிள்ளயத் தூக்கிட்டு நின்னது அவன்லா" என்றாள்.

எனக்கு எப்படி மச்சான் தெரியும்? கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் நீங்கள் என்னிடம் நேரில் பேசியது, சாமான் பிரித்த அந்த ஒரு நாளைத் தள்ளிவிட்டால், "வாங்க மாப்ள", "சாப்ட்டியளா", "டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிட்டா", இவ்வளவுதான். இவ்வளவு பேசுகிறவர் நீங்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வறட்டுப் பிடிவாதக்காரர் என்ற இடத்தை அடித்துவிட்டுக் கடிதத்தைப் புதிதாக எழுதுகிறேன் என்றேன். "ஒரு எழுத்து அடிக்கப்பிடாது. அப்பிடியே போடுங்க, அண்ணன் சிரிக்கட்டும்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். மேதாவி என்று நீங்கள் சொன்னது யாரை என்பதும் இப்போது புரிந்துவிட்டது. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆகவே மேற்கண்ட விண்ணப்பம் முழுவதும் ரத்து செய்யப்படுகிறது. புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். முதல் பாகத்தை உங்கள் அப்பாவும், அவருக்குக் கண் மங்கிய பிறகு இரண்டாம் பாகத்தை நீங்களும் அவளுக்கு வாசித்துக் காட்டினீர்களாமே, இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். மார்ஃபா ஆற்றைக் கடந்தாளா என்று மறுபடி கேட்டேன். "அண்ணன் வந்து வாசிக்கட்டும், அப்பச் சொல்லுதேன்" என்கிறாள். புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு, ராஜி அக்காவையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். இட்லித் தட்டையும் மறக்க வேண்டாம். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய் எல்லாம் இங்கே இரண்டிரண்டு இருக்கிறது. நிஜாமுதீன் ஸ்டேஷனில் 'விருந்தினர்' என்று அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வருவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வரவேண்டும், இது அக்னஸ் போட்ட நிபந்தனை. கூலருக்கு அடியில் செங்கல் வைத்துவிட்டேன்.

கடைசியாக, ஏழாவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பத்தி ஒன்பதுக்கு ஒரு திருத்தம் வெளியிடுகிறேன், கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்: விருந்தினர் எழுப்பிய வினா ஏற்கப்படுகிறது. லிடியா வீட்டில் எல்லாரும் சுகம். அவள் அம்மாவுக்கு மட்டும் அண்ணனைப் பார்க்கவேண்டும்.